அட்டையில் இரண்டு குழிகள்

மூன்று மாதத்தில் நான்கு இருக்கைகள்.
கழற்றியவை ஷூ அலமாரிக்கு மேல் கிடக்கின்றன.
வருகிறவர்கள் பார்க்கிறார்கள், கேட்பதில்லை.
கேட்டால் சொல்வேன்.

முதலாவது சைக்கிளோடு வந்தது.
கறுப்பு ரெக்ஸின், ஓரத்தில் தையல் விட்டது.
தோ பாயோவிலிருந்து நொவீனா மருத்துவமனைச் சமையற்கூடத்துக்கு
அதிகாலை ஐந்தேகாலுக்கு,
சிவப்பு விளக்கெல்லாம் இறங்கி நின்று போனாலும்
பதினைந்தே நிமிடம்.
அதற்குள் எந்த வலிக்கும்
தன் பெயரைச் சொல்ல நேரமிருக்காது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.
ரொஹானா கூப்பிட்டாள், சாங்கி கடலோரச் சாலைக்கு.
ஓடுபாதையை ஒட்டி
வளைய மறந்த சாலை.
தலைக்கு மேல் விமானம் சக்கரம் நீட்டி இறங்குகையில்
மிதியில் எழுந்து நின்று
ஆற்றிக்கொண்டிருந்தேன்.
"விமானத்துக்கு மரியாதையா?" என்றாள்.
அன்றிரவு சோபாவில் ஒருக்களித்துத்தான் உட்கார்ந்தேன்.

அடுத்ததை மெத்தென்று பார்த்து வாங்கினேன்.
ஜெல், ஸ்பிரிங், நல்ல அகலம்,
தட்டினால் கேசரி போல் அதிரும்.
ஐந்து கிலோமீட்டர் வரை சிம்மாசனம்,
இருபதாவதில் புதைமணல்.
அந்த மென்மை எல்லா இடத்தையும் தாங்கியது,
தாங்க வேண்டாத இடத்தையும்.

மூன்றாவது ரொஹானா கடன் கொடுத்தது.
அவள் கைப்பிடி மீது கவிழ்ந்து காற்றைக் கிழிப்பவள்,
அவளுக்கு ஒல்லியாக இருந்தால் போதும்.
நான் நிமிர்ந்து, கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு போகிறவள்.
தேங்காய்த் துருவியில்
தவறான முனையில் உட்கார்ந்தது போலிருந்தது.
மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யாரிடம் சொல்வது இதையெல்லாம்?
முழங்கால் வலியென்றால் லிஃப்டில் சொல்லலாம்,
ஐந்தாவது மாடி வருவதற்குள் மூன்று தைலம் கிடைக்கும்.
இந்த இடத்துக்குத் தமிழில் இரண்டு வகைச் சொல்தான்:
டாக்டரிடம் சொல்வது,
சண்டையில் சொல்வது.

பாலஸ்டியர் கடையில் குவெக் ஒன்றும் கேட்கவில்லை.
பிஸ்கட் பெட்டியின் நெளி அட்டையில் ஒரு துண்டு வெட்டி
பிளாஸ்டிக் முக்காலியில் போட்டார்.
உட்காரச் சொல்லி,
குதிகாலைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி,
திரும்பி நின்று யாருடைய செயினையோ துடைத்தார்.

எழுந்து பார்த்தேன்.
அட்டையில் இரண்டு குழிகள்.
நாற்பத்தாறு வருடமாக என்னைச் சுமந்தவை,
இன்றுதான் முகம் காட்டுகின்றன.
சாக்பீஸ் தேய்த்து ஸ்கேல் வைத்தார்:
நூற்று முப்பத்தொன்பது மில்லிமீட்டர்.
வளையல் அளவு தெரியும், செருப்பு அளவு தெரியும்,
ரவிக்கைக்கு ஏழு அளவும் மனப்பாடம்.
இதை எந்தத் தையற்காரரும் கேட்டதில்லை.

அவர் எடுத்துத் தந்தது கட்டை போலிருந்தது,
நடுவில் ஒரு பள்ளம்.
"கல்லு மாதிரி இருக்கே."
"எலும்பு உட்காரணும். சதை சும்மா இருக்கணும்."
ரசமட்டம் வைத்து
மூக்கை ஒரு நூல் தாழ்த்தினார்.

சாங்கி வரை போய்த் திரும்பினேன்.
விமானங்களுக்கு நான் எழுந்திருக்கவில்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தவளை
மழை விட்ட ஒரு காலையில்
புக்கிட் தீமா பழைய ரயில் பாதைக்கு இழுத்துப் போனாள் ரொஹானா.
சரளை, சேறு, வேர்.
அங்கே எந்த இருக்கையும் இருக்கை இல்லை.
பாதி எழுந்து, முழங்காலை மடக்கி,
சைக்கிளைத் தனக்குக் கீழே குதிக்க விட்டுவிட வேண்டும்.
சேணம் குதிரைக்கு என்பார்கள்,
இங்கே குதிரையும் நானேதான்.

வார நாட்களுக்குப் பழைய ரெக்ஸினே மறுபடி.
டவுசர் போட்டு நனைந்த கல்லில் உட்கார
அதிகாலையில் யாருக்கு மனம் வரும்?
தண்டில் நெயில் பாலிஷால் உயரக் கோடு,
கைப்பையில் பஸ் கார்டோடு ஐந்தாம் நம்பர் சாவி.
சனி இரவு மாற்றுகிறேன், ஞாயிறு இரவு மாற்றுகிறேன்.

அட்டை மட்டும் அலமாரி மேல் இல்லை,
சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.
கிழித்துப் போட மனமில்லை.
சட்டம் போட்டு மாட்டவா முடியும்?