பின்னிருக்கை

முன்னால் இருப்பவர் வலித்தால் போதும்,
பின்னால் இருப்பவர்தான் திருப்ப வேண்டும்
என்று கானோக்கார அஸ்ஹார் சொல்லி முடிப்பதற்குள்
குணராஜ் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.
லாரிக்காரர். முன்னிருக்கைதான் பழக்கம்.
நடுவில் தேஷ்வினி, அவளுக்குப் பின்னால் கவினேஷ்,
அவன் மடியில் நாசி லெமாக் பொட்டலங்கள்.
கடைசியில் நான்.
ஆலை அலுவலகத்தில் பதினோரு ஆண்டு
எடைச்சீட்டு எழுதிய கை
ஆற்றின் மேல் எழுதத் தொடங்கியது
கோணல்மாணலாக.

செருப்பு ஒன்றைக் காணோமென்று
கவினேஷ் காலையில் ஒரு மணி நேரம் தின்றிருந்தான்.
கடலுக்கு அது தெரிந்திருந்தது.

வலக்கைப் பக்கம் பேராக், இடக்கைப் பக்கம் சிலாங்கூர்,
நடுவே பெர்ணம், பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில்.
என் துடுப்பு பிசகும்போதெல்லாம்
பிள்ளைகள் மாநிலம் மாறிக் கத்தினார்கள்.

சாலை வருமுன் இதுதான் சாலையாம்,
தேஷ்வினி பள்ளி வேலைக்குப் படித்திருந்தாள்.
துரைகளும் அரிசி மூட்டைகளும்
கித்தாவும் காய்ச்சலும்
இதில்தான் ஏறி இறங்கினவாம்.
பாடநூலில் அதற்கு இரண்டு வரி.
மூன்றாவது வரிபோல
பழைய துறையின் மரக்கால் ஒன்று நீரில் நின்றது,
அதன்மேல் ஒரு மீன்கொத்தி.

இரு கரையிலும் நீப்பா. விட்ட இடத்தில் செம்பனை.
'ஆவாஸ், புவாயா' பலகையை எழுத்துக்கூட்டிவிட்டு
கவினேஷ் காலை மடக்கிக்கொண்டான்.
முதலை நாசி லெமாக் தின்னுமா?
சம்பல் காரம், தின்னாது என்றார் அப்பா.

நான் ஆற்றைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.
எனக்கு முன்னால் இருந்தது ஒரு முதுகு.
பதினாறு ஆண்டில் அதை
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
காலருக்கு மேல் வெயில் போட்ட கோடு,
உச்சியில் ஐம்பது காசு அளவு வழுக்கை,
இடத்தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது,
எதையோ ஒரு பக்கமாகவே தூக்குபவர்போல.

மரக்காலைத் தாண்டினோம்.
துடுப்பு போட்டோம், போட்டோம்,
நிமிர்ந்தால் அதே மரக்கால்,
அதே மீன்கொத்தி, சிரிக்காமல்.
கடல் ஏறத் தொடங்கிவிட்டது.
ஆறு சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டு
மலைக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

கயிற்றை மரக்காலில் சுற்றினேன்.
பொட்டலம் பிரித்துப் பசியாறினோம்.
இலையை மடித்தபடி, திரும்பாமல், சொன்னார்:
"ஜொகூர்ல ஒரு வேலை.
பிப்ரவரியிலயே கையெழுத்து போட்டாச்சு.
அடுத்த மாசம் போகணும்."

வீடாக இருந்தால் நான் அடுப்படிக்குப் போயிருப்பேன்,
அவர் வாசலுக்கு.
தேஷ்வினி அறைக்கதவை அறைந்திருப்பாள்.
இங்கே ஒருவர் எழுந்தால் நால்வரும் கவிழ்வோம்.
கோபத்தைக்கூட
ஆடாமல் படவேண்டியிருந்தது.

"அப்ப பள்ளிக்கூடம் மாறணுமா?"
"நான் மட்டும்தான்" என்றது முதுகு.
மரக்காலில் நீர் ஒரு விரற்கடை ஏறியது.
பிறகு இன்னொன்று.
கேட்க இருந்தவை ஏராளம்.
கேட்டது, "முட்டை மிச்சமிருக்கு, வேணுமா?"
கையை மட்டும் பின்னால் நீட்டினார்.
பாதி முட்டை
மகன் கையில் ஏறி, மகள் கையில் ஏறி,
அங்கே போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஊத்தான் மெலிந்தாங் துறை
அன்றைக்கு எட்டாது.
கயிற்றை அவிழ்த்தேன்.
துடுப்பை ஆழ ஊன்றி, மூச்சைப் பிடித்து,
கானோவின் மூக்கைத் திருப்பினேன்.
இப்போது இடக்கை பேராக், வலக்கை சிலாங்கூர்.
"அம்மா, தலைகீழாப் போச்சு!"
குணராஜ் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார்.
வலிக்க வேண்டியிருக்கவில்லை.
கடல் தள்ளிக்கொண்டு வந்தது.

பாதியில் திரும்பினால் காசு திரும்பாது
என்றான் அஸ்ஹார்.
தெரியும் என்றேன்.
கானோவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.
அதில் கவினேஷின் செருப்புகள் மிதந்தன,
இந்த முறை இரண்டும்.