இஸ்திரி மட்டும்

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது.
பணமூலம் கேட்டாக வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
கிரிம்ஸ்பியில் ஒரு ரொட்டிக்கடை மாடியில்,
வழக்கறிஞர் அலுவலகத்தின் மூன்றாவது மேசையில்.

மேவிஸ் டிரிங்க்வாட்டர், வயது அறுபத்திரண்டு.
மீன் ஆலையில் முப்பது வருடம்
முள் நீக்கிய விரல்கள்.
துறைமுகத்துக்குப் பின்தெருவில்
இரண்டு அறை வீடு வாங்குகிறார்,
கடனில்லாமல், முழுப்பணம் கொடுத்து.
கடன் கேட்டிருந்தால் வங்கி குடைந்திருக்கும்.
கேட்கவில்லை, அதனால் நான் குடைகிறேன்.

விலை எழுபத்தெட்டாயிரம் பவுண்டு.
விவாகரத்தில் வந்தது ஐம்பத்தோராயிரம்,
நீதிமன்ற முத்திரையோடு தாள் இருக்கிறது.
ஓய்வூதியத்தில் மொத்தமாய் எடுத்தது
பதினேழாயிரத்து எழுநூற்று அறுபது,
அதற்கும் கடிதம் இருக்கிறது.
மிச்சம் ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது.
மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில்
ரொக்கமாய்க் கட்டியது.
பாதி, கடைகளில் செல்லாமல் போன
பழைய காகித நோட்டு.

"இது எங்கிருந்து வந்தது?"
"ஃப்ரீசரிலிருந்து. பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே.
கவுண்டர் பையன் எண்ணும்போது விரலை ஊதிக்கொண்டான்."
"அதற்கு முன்னால்?"
"சட்டைகளிலிருந்து."

சட்டைக்கு அறுபது பென்ஸ்.
பதினொரு வருடம், ஆலை விட்டு வந்த பின் மாலைகளில்.
வகுத்துப் பார்த்தேன்:
பதினையாயிரத்து நானூறு சட்டை.
கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.
"அவ்வளவுதானா?" என்றார்.

பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தைப்
பத்தி பத்தியாய்ப் படித்துக் காட்டினேன்.
கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு
கடைசி வரி வரைக்கும் கேட்டார்.
"சலவையெல்லாம் அவரவர் வீட்டில், தம்பி.
என்னிடம் இஸ்திரி மட்டும்."

வங்கியில் போட்டிருக்கலாமே என்றேன்.
"கூட்டுக் கணக்கு. அந்த மனுஷன்
மாதா மாதம் ஒவ்வொரு வரியாய் விரல் வைத்துப் படிப்பார்."
"ஃப்ரீசரைத் திறக்க மாட்டாரா?"
"சாப்பாடு தட்டிலேயே முளைக்கிறதென்று
நினைத்துக்கொண்டிருந்தவர்."
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
எவ்வளவு என்பதற்குக் கட்டம் இருக்கிறது படிவத்தில்,
எப்போது என்பதற்கு, யாரிடமிருந்து என்பதற்கு.
எதற்காக ஒளித்தீர்கள் என்பதற்கு இல்லை.
நானும் ஓரத்தில் எழுதவில்லை.

சட்டைக்காரர்களிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னேன்.
இரண்டு வாரத்தில் பத்தொன்பது வந்தன.
பேருந்துப் பரிசோதகராயிருந்த ரெஜினால்ட் ஸ்கெல்ட்டன்:
"வாரம் ஐந்து. எல்லாம் நீலம். ஒருமுறைகூடக் கருகியதில்லை."
பள்ளியில் பியானோ வாசிக்கும் ஒருவர்
தொகையைத் தப்பாய்க் கூட்டியிருந்தார்.
பெயர் போடாத ஒரு அட்டையில்
"வீடு கிடைத்துவிடுமா?" என்று மட்டும்.
பிளாங்கார்ன் சகோதரர்கள், சவ அடக்கம்:
"எங்கள் ஆட்களுடையவை வாரம் பன்னிரண்டு.
காலமானவர்களுக்கானவை தனிக்கணக்கு.
அவற்றின் முதுகுப்பக்கத்தையும் தேய்த்தே அனுப்புவார்.
வேண்டியதில்லை என்று சொல்லியும் பார்த்தோம்."

மேலாளர் கில்லியன் பாஸ்க்
அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.
"நிறுவனத் தாளில் இருக்கிறது. போதும்."

அதே வாரம்
துறைமுகத்தை ஒட்டிய பதினான்கு அடுக்ககங்களை
எங்கோ ஒரு தீவின் கம்பெனி ஒரே மூச்சில் வாங்கியது.
தோல் உறையில், அட்டவணையோடு, சான்றொப்பங்களோடு,
ஒரு சுருக்கம்கூட இல்லாத தாள்கள்.
மதியச் சாப்பாட்டுக்கு முன் கையெழுத்தாகிவிட்டது.

மேவிஸ் வியாழக்கிழமை வந்தார், மழையில் நனைந்து.
ஒப்பந்தத்தை விரித்து இடத்தைக் காட்டக் குனிந்தேன்.
அவர் என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதை யார் தேய்த்தது?"
"நான்தான்."
"காலரை அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும்.
நுனியிலிருந்து நடுவுக்கு.
நீ மேலே மட்டும் இழுத்துவிட்டிருக்கிறாய்."
கை நீட்டி நுனியைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டார்.
"சரி, பேனாவைக் கொடு."