நூலோட்டம்

கறுப்பு மையால் குத்தினாலும்
பச்சை என்றுதான் பெயர்.
புண்ணுக்கும் அதே சொல், ஆறும் வரைக்கும்.

வெள்ளவத்தையில் தண்டவாளத்துப் பக்கம்
மூன்றாம் மாடி, பின்னறை.
கடலோர ரயில் வரும்போது
மேசையில் மைக்கிண்ணம் நடுங்கும்.
ஊசியைத் தூக்கிவிட வேண்டும்.
நான் படித்த முதற் பாடம் அது,
எந்தக் காணொளியிலும் கிடைக்காதது.

மற்றவை எல்லாருக்கும் பொது.
உறையைக் கிழிக்கமுன் காலாவதித் திகதி பார்.
ஒருவருக்கு ஒரு ஊசி, ஒரே தரம்.
கையுறையோடு போனைத் தொட்டால்
கையுறையை மாற்று.
இடக்கை தோலை இழுத்துப் பிடிக்க
வலக்கை சாய்வாய் உள்ளே,
அதே சாய்வில் வெளியே.
ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும்.
வெளியே வரும்போது 'டிக்' என்னும்,
மல்லி நகத்தில் நசிவதுபோல.
கேட்டால் சரி.
கேளாவிட்டால் மேலேயே நிற்கிறாய்,
குத்தியது பொருக்கோடு உதிர்ந்துவிடும்.
கூட ஆழம் போனாலோ
நனைந்த கடதாசியில் பேனை மைபோல
நீலமாய் ஊறிப் பரவும்,
பிறகு ஒருவராலும் அள்ள முடியாது.
கோடு என்று தனியே ஒன்றில்லை.
நெருக்கி நெருக்கி வைத்த புள்ளிகள்,
அவற்றிடையே திரும்பவும் புள்ளிகள்.

தோடம்பழத்தில் ஒரு மாதம்.
பிறகு என் தொடையில் ஒரு நட்சத்திரம்.
ஐந்து முனையில் ஒன்று சோர்ந்து கிடக்கிறது.
திருத்தவில்லை.
புது ஆள் வருகிற நாளில்
காலையில் அதை ஒருக்கா பார்த்துக்கொள்வேன்.

ரெமீசியா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாள்.
சேலைக்கு ஃபோல் அடிக்கிறவள்,
முன்பு கட்டுநாயக்காவில், ஜீன்ஸ் லைனில்.
சுட்டுவிரல் நுனியில் கரும்புள்ளி ஒன்றைக் காட்டினாள்.
"இது மெஷின் சும்மா குத்திவிட்டது.
அதுக்கும் சுப்பவைசர் அரைநாள் வெட்டினவன்.
நீங்கள் கையாலதானே?"

கேட்டது, மணிக்கட்டைச் சுற்றி நூலோட்டம்.
மேலே ஒன்று, கீழே ஒன்று என்று போகும்
சாதாரணத் தையல்.

ஸ்டென்சிலை ஒட்டினேன்.
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எலும்பு மொழியில இடைவெளி கூடிப்போச்சு.
வளையிற இடத்தில தையலைக் குறுக்க வேணும்."
ஸ்பிரிட் போட்டு அழித்தேன்.
இன்னொரு தரமும் அழித்தேன்.
மூன்றாவதை அவளே பேனையால் கீறினாள்.

ஏழாவது தையலில் கரண்ட் போனது.
விசிறி நின்று
வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.
மற்றக் கையால் அவள் போன் வெளிச்சம் பிடித்தாள்,
என் விரலின் நிழல் விழாத பக்கத்திலிருந்து.
ஊசிக்கு வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டுமென்று
நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
இருட்டில் டிக், டிக்,
முன்னைவிடத் தெளிவாய்.
மாத்தறை ரயிலுக்கு மட்டும் நிறுத்தினேன்.

"நோகுதோ?"
"நேராப் போகுதோ எண்டு பாருங்கோ."

இரு முனையும் சந்திக்கும் இடத்தில்
சின்ன முடிச்சொன்று வைக்கலாம் என்றேன்.
வேண்டாமாம். நூலைத் தொங்கவிட வேண்டுமாம்,
அரை அங்குலம், நாடி பார்க்கும் பக்கமாய்.
"முடிச்சுப் போட்டால் பிறகு பிரிக்கேலாது."
இதை எப்படியும் பிரிக்கேலாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
தொங்கவிட்டேன்.

வாசமில்லாத சவர்க்காரம்.
கடித்தால் சொறியாதீங்கோ, மெல்லத் தட்டுங்கோ.
ரெண்டு கிழமைக்குக் கடலில இறங்காதீங்கோ.
எங்கேயும் புள்ளி விட்டுப்போனால்
அடுத்த மாதம் வாங்கோ, காசு வேண்டாம்.

தலையாட்டிக் கேட்டாள். காசை எண்ணித் தந்தாள்.
படிக்கட்டில் இரண்டு படி இறங்கி
நின்று திரும்பினாள்.
"உங்கட சட்டைக் கரை
இடப்பக்கம் இறங்கியிருக்கு."

பாவித்த ஊசியைத் தடித்த போத்தலில் போட்டு
மூடியை இறுக்கினேன்.
பிறகு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன்.
இறங்கித்தான் இருந்தது.