ஏழு யூரோ வெளிச்சம்

தார்த்து நகரத்தில், ஆற்றுக்குச் சற்று மேலே
கீழ்த்தளத்தில் ஓர் அறை.
நான்கு ஆய்வகங்கள் காசு போட்டு வாங்கிய
ஒரே கருவி அதற்குள்.
கூட்டுச் சொத்து என்றால் தெரியுமே:
சாவி எல்லோரிடமும்,
துடைக்கிற துணி என்னிடம்.

மூன்று முறை என் கண்முன் செய்து காட்டினால்தான்
கதவு அட்டை தருவேன்,
பேராசிரியரே ஆனாலும்.
கண்முன் என்பது பேச்சுக்கு.
மங்கல் சிவப்பில் தெரிவது விரல்நுனிகள் மட்டும்.
மீன் கண்களோடு முப்பது வருடம் பழகிய தூனு வெஸ்க்
இரண்டாம் முறை தோற்று
கையுறையை உரித்து எறிந்துவிட்டுப் போனார்.
மறுநாள் காலை எட்டு மணிக்கு
எனக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்,
புதுக் கையுறையோடு.

இரவெல்லாம் இருட்டில் வைத்து
இப்போது மருந்தில் உறங்கும் எலி.
அதன் விழிமேல் ஒரு சொட்டுக் கூழ்,
கூழின்மேல் தங்கக் கம்பி வளையம்.
தொட வேண்டும், அழுத்தக் கூடாது.
"மூச்சு விடுங்கள்" என்பேன்.
எலிக்கு அல்ல.
பயில வருகிற எவரும்
இந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பிறகு ஒரு பளிச்சிடல்,
பளிச்சென்று சொல்வதற்குக் கூசும் அளவு மங்கல்.
திரையில் ஓடும் கோடு
நிமிர்ந்து ஒரு மேடாகும்.
மேடு எழுந்தால்
விழித்திரை பதில் சொல்லிவிட்டது.

நவம்பரில் மேடுகள் தாழ்ந்தன.
ஒருவருக்கு அல்ல, நால்வருக்கும்.

பதிவேட்டின் ஓரத்தில் பென்சில் சண்டை:
கூழ் டப்பாவைத் திறந்து போட்டது யார்? ரைலி.
மூடித்தான் போனேன். கென்னோ.
பறவைக்காரர்கள் வந்த பிறகுதான் இப்படி.
(பெயரில்லை, கையெழுத்து தெரியும்.)
புது மின்முனை, புது பல்ப்,
பழுது பார்க்க தாலினிலிருந்து ஒருவர்,
அவர் வந்து போன செலவு நான்காகப் பிரிந்தது,
கோபம் மட்டும் பிரியவில்லை.
என்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.
எனக்கும்தான்.

டிசம்பரில் ஒருநாள் பனியில் பேருந்து நின்றுவிட்டது.
பயிற்சிக்கு வர வேண்டிய மெரிகே
நாற்பது நிமிடம் தாமதம்.
இருட்டறைக்குள் கைபேசி கூடாது என்பது
நானே எழுதி ஒட்டிய விதி.
சிவப்பு விளக்கையும் அணைத்துவிட்டுச்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததில் என் கை அசைவதாக ஒரு பொய்.
கால் மணி கழிந்து
கருவியின் விளிம்பு இருக்கலாம் போல் இருந்தது.
அரை மணிக்குப் பின்
எலிகள் இரவு தங்கும் அலமாரியின் இடுக்கில்
பச்சையாக ஒரு மூட்டம்.

திறந்தேன்.
காற்றாடிக்குக் கரண்டு கொடுக்க
அக்டோபர் கடைசியில் நான் வாங்கிப் போட்ட பெட்டி.
ஏழு யூரோ. ரசீது என் மேசையில்.
அதன் நெற்றியில் கடுகளவு விளக்கு,
"நான் வேலை செய்கிறேன்" என்று
இரவு முழுக்க எலிகளிடம்
சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கறுப்பு நாடா கைக்கெட்டும் தூரத்தில்.
ஒட்டிவிட்டால் முடிந்தது.
மேடுகள் தாமாக எழும்,
கூழைத்தான் குறை சொல்வார்கள்.
அந்த எண்ணத்தோடு
இருட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

பதிவேட்டில் எழுதினேன்: விளக்கு என்னுடையது.
தேதி, பெட்டியின் விலை, என் பெயர்.

இரண்டு நாள் யாரும் அதன்கீழ் எதுவும் எழுதவில்லை.
மூன்றாம் நாள் தூனுவின் கோணல் எழுத்து:
ஏழை நான்கால் வகுக்கவும்.
பக்கத்தில் ஒரு நாணயத்தை நாடாவால் ஒட்டியிருந்தார்.
சில்லறை பாக்கி.

இப்போது பயிற்சியில் நான்காவதாக ஒன்று.
நாற்பது நிமிடம், எதையும் தொடாமல்
அந்த அறையில் இருக்க வேண்டும்.
முணுமுணுக்கிறார்கள்.
முதலில் உட்கார்ந்தது மெரிகே.
துணைக்கு நானும் எதிர் நாற்காலியில்.
அலமாரி கறுப்பு. கதவிடுக்கு கறுப்பு.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முப்பத்தைந்தாம் நிமிடம் இருக்கும்,
இருட்டுக்குள்ளிருந்து தயங்கி ஒரு குரல்:

"மன்னிக்கணும்.
உங்கள் கைக்கடிகாரம்."