ஓடக்கூலி

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் இரவு
ஆறு நின்றுபோனது.
ஆறிய கஞ்சியில் கரண்டி மாதிரி
குத்திட்டு நின்றது என் படகு.

முந்தின நாள்வரை ஆளுக்கு அரைக்காசு,
ஆட்டுக்கும் அதே, வண்டிக்கு மூன்று.
காலையில் வண்டிக்காரன் லுபெர்ட்
ஆற்றின் மேலேயே குதிரையை ஓட்டிவந்து
தொப்பியைத் தூக்கி எனக்கொரு வணக்கம் வைத்தான்.
ஓடம் வண்டியில் ஏறும், வண்டி ஓடத்தில் ஏறும், சரி.
வண்டி ஆற்றிலேயே ஏறிவிட்டால்
ஓடக்காரன் எதில் ஏறுவான்?

கரையோரம் மட்டும் பனிக்கட்டி இளசு.
அங்கே ஒரு பலகை போட்டேன். தாண்டக் கால்காசு.
ஹில்லே துடைப்பத்தோடு இறங்கி
சறுக்குகிறவர்களுக்குப் பாதை கூட்டினாள்.
அவள் சம்பாத்தியம் என்னுடையதைவிட அதிகம்.

ஊரே இறங்கிவிட்டது.
மதுக்கடைக்காரி பீப்பாயை உருட்டிவந்து
கூடாரம் அடித்தாள், அதற்கொரு கொடி வேறு.
பாதிரியார் விழுந்தார். யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் எழுந்தார்.
எல்லோரும் பார்த்தோம்.
செத்த குதிரையை நாய் தின்றது,
காகம் தன் முறைக்கு நின்றது.
கயிற்றில் போட்ட சட்டை
கட்டிப்பிடிக்க வந்தவன்போல் கைவிரித்து விறைத்தது.
விலாங்கு குத்துகிறவன் வெட்டிய ஓட்டையில்
சாயக்காரன் வீட்டுப் பெண்கள் வாளி விட்டார்கள்,
அவன் திட்டத் திட்ட.
முட்டைக்காரி டீவர் தினமும் வருவாள்,
கூடை இடது கையில்,
கால்காசை வலது கையில் சூடாக வைத்திருப்பாள்.

படம் எழுதுகிற ரெய்னவுட்டிடம் சில்லறை இல்லை.
"உன்னைப் படத்தில் வைக்கிறேன்" என்றான்.
அது அடுப்பில் எரியாதே என்று நான் சொல்வதற்குள்
பலகையைத் தாண்டிவிட்டான்.

அன்று எனக்கு வயிறு சரியில்லை.
மறைப்புக்கு என் படகை விட்டால் வேறென்ன இருக்கிறது?

ஏழாம் வாரம் ஆறு முனக ஆரம்பித்தது.
போகாதே என்றுதான் டீவரிடம் சொன்னேன்.
மூன்று முட்டைகள் மட்டும்
பனிமேல் உடையாமல் கிடந்தன.

ஏப்ரலில் ரெய்னவுட் வந்தான், அக்குளில் ஒரு துணிமூட்டை.
அக்கரைத் தானிய வியாபாரி வாங்கிய படம்.
நடு ஆற்றில் பிரித்துக் காட்டினான்.
தண்ணீர்மேல் துடுப்பு போட்டபடி
அதே ஆற்றைக் கெட்டியாகப் பார்த்தேன்.
கொடி, நாய், சட்டை, பாதிரியார் (நிற்கிறார்).
குளிரைத்தான் காணோம். மற்றதெல்லாம் இருந்தது.
என்னைத் தேடினேன்.
படகு இருந்தது. படகின் பின்னால்
வெள்ளை வெளேரென்று ஒரு பிட்டம்.
"வாக்குத் தவறவில்லை பார்" என்றான்.

துடுப்பு கைநழுவுமளவு சிரித்தேன்.
பிறகு துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
தலைகளை எண்ணினேன்.
தொண்ணூற்று மூன்று. ஆளுக்கு அரைக்காசு,
குதிரைக்குத் தனி.
"வரைந்த ஆட்களுக்குமா கூலி?" என்றான்.
ஏற்றிக்கொண்டு போகிறேன் இல்லையா?
படகு சுற்றிச் சுற்றி வந்தது. அவன் பையைத் துழாவினான்.

எனக்கு மட்டும் கழித்துக்கொண்டேன்,
தலை தெரியாவிட்டாலும்.
டீவரை எண்ணவில்லை.
அவள் இன்னும் நடு ஆற்றில்தான் போகிறாள்,
கூடை இடது கையில்.