துளை இல்லாத இடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குப்
பெட்டி வந்தது.
வெளியே மைனஸ் பதினெட்டு. மொன்டானாவின் குளிர்
கண்ணாடிக் கதவில் முகம் வைத்து உள்ளே பார்த்தது.
கடைக்காரர் ஓர்வில் ஸ்டாங்லண்ட்
நாடாவை அறுத்தார்.
நான் கணக்கெழுதுபவள்.
துப்பாக்கியில் எனக்குத் தெரிந்தது
எண்ணெய்க் காகிதத்தின் வாசனை மட்டும்.

ஆறு பேர் குனிந்தார்கள்.
யாரும் குழலைப் பார்க்கவில்லை,
எடை கேட்கவில்லை.
இடப்பக்கம், கட்டைவிரல் தாழ்ப்பாளுக்குச் சற்று மேலே
மிளகு அளவு இடத்தை
ஆறு மூக்குக்கண்ணாடிகளும் தேடின.

"இல்லை!" என்றார் மெர்ல் ஹாஃப்ஸ்டெட்,
பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தவர்போல.
"ஓட்டை இல்லை!"

விஷயம் இதுதான்.
இருபது சொச்சம் வருஷத்துக்கு முன்
கம்பெனிக்காரன் ரிவால்வருக்கு ஒரு சாவித்துளை வைத்தான்.
குட்டிச் சாவி, அரைத் திருகு,
சுத்தியல் அசையாது.
அன்று கெட்டது இவர்கள் தூக்கம்.
நல்ல முகத்தில் அம்மைத் தழும்பு என்றார்கள்.
சுடும்போது தானே பூட்டிக்கொள்ளும் என்றார்கள்
(பார்த்தவர் யாருமில்லை,
பார்த்தவரின் மச்சானை எல்லோருக்கும் தெரியும்).
பழையதையே தேடித் தேடி
மூன்று மடங்கு கொடுத்து வாங்கினார்கள்.
மெர்ல் ஒரு டிராக்டரையே விற்றார்.

இப்போது இதோ:
அந்திக்குப் பிந்திய ஏரி மாதிரிக் கருநீலம்,
வால்நட் கைப்பிடியில் திருகைச் சுற்றி ஒரு வைரக்கட்டம்,
நுனிக்குப் போகப்போக மெலியும் குழல்,
அதைச் சட்டத்தோடு தைக்கும் ஊசி,
எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடி.
மெர்ல் கைக்குட்டையை எடுத்தார்.
சளி என்றார்.

கால் மணி நேரம் சமாதானம் நிலவியது.

பிறகு காஸ்பர் ரூட் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து
"மூக்கு எங்கே?" என்றார்.
பழையதில் சுத்தியலுக்கே கூர்மூக்கு உண்டாம்,
இதில் மொட்டை.
அந்த ஊசியும் சும்மா அலங்காரம் என்றார் இன்னொருவர்,
எதையும் பிடித்திருக்கவில்லை.
வைரம் மெஷின் வெட்டியது.
விலை? அட கடவுளே, விலை!
குறை கிடைத்ததும்
அறை கதகதப்பானது.
காபி இரண்டாம் முறை கொதித்தது.

அப்போதுதான் இங்கெர் டால்பெர்க் உள்ளே வந்தாள்,
பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு,
ஒரு துண்டில் சுற்றிய ரிவால்வரோடு.
விற்க வேண்டும் என்றாள்.
ஓர்வில் திருப்பிப் பார்த்தார்.
"ஓட்டை உள்ள காலத்தது.
இருநூறு குறையும்.
பூட்டியிருக்கிறதே, சாவி?"
"மில்க் ஆற்றில்."

யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
"ஆறு வருஷம் முன்னால், பிப்ரவரி.
என் தம்பி பதினோரு நாள் பேசவில்லை.
அவன் குளிக்கப் போனபோது
அரைத் திருகு திருகினேன்.
நாலாவது ராத்திரி சமையலறையில் நின்று கேட்டேன்,
பக்கத்து அறையில் இரும்பு முரண்டு பிடிக்கும் சத்தம்.
மறுபடி. மறுபடி.
அப்புறம் அவன் அழும் சத்தம்.
இப்போது ஸ்போகேனில் லாரி ஓட்டுகிறான்.
ஞாயிறுதோறும் போன் பண்ணி
என் கார் டயரைப் பற்றிக் குறை சொல்கிறான்."

ஹீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
காஸ்பர் தன் காபிக் கோப்பைக்குள்
எதையோ தேடினார்.
"இருந்தாலும்," என்றார் மெர்ல், மிக மெல்ல,
"அசிங்கம்தான், அம்மா."
"ஆமாம்," என்றாள் இங்கெர். "அசிங்கம்தான்."

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவிதான்.
ஓர்வில் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துத் திறந்தார்.
இருநூறைக் குறைக்கவில்லை.
பேரேட்டில் 'குறைகள்' என்ற கட்டத்தில்
வழக்கமாகத் 'துளை' என்று எழுதுவேன்.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு வழக்கப்படியே எழுதினேன்.
வேறு கட்டம் இல்லை அந்தப் பேரேட்டில்.

புதியதை மெர்ல்தான் வாங்கினார்,
மொட்டைச் சுத்தியலைத் திட்டிக்கொண்டே.
ரசீது போடும் வரை
அவர் கட்டைவிரல் அந்த வழவழப்பான இடத்தைத்
தடவிக்கொண்டே இருந்தது,
பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுமே,
அப்படி.