தருவினம்

டன்டெனோங் சந்தையின் கார் தரிப்பிடத்தில்
கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருக்கிறேன்.
பின் இருக்கையில் வெங்காய மூட்டை,
இளகத் தொடங்கும் மீன்.
கைபேசி அடிக்கிறது.
வணக்கம், தமிழ் மொழிபெயர்ப்பாளர்,
இலக்கம் எழுபது நானூற்றுப் பதினெட்டு.
இந்த வேலையில் எனக்குப் பெயர் கிடையாது.

மறுமுனையில் ஷெப்பர்டன், ஒரு சமூக சுகாதார நிலையம்.
தாதி ப்ரோன்வின்.
நோயாளி சிவலோகன், வயது முப்பத்தொன்பது.
கூட வந்தவர் மைத்துனர்.
அவருடைய குரல்தான் முதலில் வருகிறது:
கோயில் ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயர் வாசிக்கத் தோதான குரல்.
"அவருக்கு ஒண்டும் விளங்காது. என்னைக் கேளுங்கோ.
நல்லாச் சாப்பிடுறார். நல்லா நித்திரை கொள்ளுறார்.
கையில தழும்போ? அது நாயோட விளையாடினது. நல்ல நாய்."
ஒவ்வொரு நல்லதையும் எடுத்து
ஆங்கிலத்தில் அடுக்குகிறேன்.
மணித்தியாலக் கூலிக்கு விட்ட வாய்.

நிறை பார்க்கும் அறை சின்னது,
நீங்கள் வெளியில் இருங்கள் என்கிறாள் தாதி.
அந்த அறை சின்னதோ பெரிதோ, எனக்கென்ன தெரியும்?
ஒரு சொல் குறையாமல் பெயர்த்தேன்.
கதவு சாத்தும் சத்தம்.
என்னை ஏதோ இரும்பின் மேல் வைக்கும் சத்தம்.

போன மாசியில் அறுபத்தொன்று. இன்றைக்கு நாற்பத்தெட்டு.
தாதி தனக்குத் தானே முணுமுணுத்தாள்.
காதில் விழுந்ததெல்லாம் பெயர்க்க வேண்டும், விதி அது.
"நாப்பத்தெட்டு!" என்றார் அவர்,
லொத்தரில் விழுந்த இலக்கம் போல.
அப்போதுதான் அவர் குரலை முதன்முதல் கேட்டேன்.

அடுத்து அந்தக் கேள்வி.
பயிற்சிப் புத்தகத்தில் அதற்கொரு தமிழ் உண்டு:
வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?
பொலிஸ்கூட யாரையும் அப்படிக் கேட்டிராது.
"வீட்டில பயமில்லாமல் இருக்கிறீங்களோ?" என்றேன்.

மூச்சு. மூக்கடைத்த, நீண்ட மூச்சு.
அதை எந்த மொழியில் கொடுப்பது?
வெளியே ஒருவன் தள்ளுவண்டிகளைக் கோர்த்து இழுத்துப் போனான்.

"கத்தாட்டி சோறு தருவினம்."

தருவினம்.
நாளாந்தம் தருவதற்கும் அதே சொல்,
இனிமேல் தரப்போவதற்கும் அதே சொல்.
இரண்டும் படுத்துறங்கும் ஒரே பாய்.
ஆங்கிலம் ஒன்றை எழுப்பிவிடச் சொல்கிறது.
நடுவில் பதின்மூன்று கிலோ.

மொழிபெயர்ப்பாளர் ஒரு தெளிவு கேட்க அனுமதி கோருகிறார்
என்று யாரோ ஒருத்தியைப் போல என்னைச் சொன்னேன்.
கேள் என்றாள் ப்ரோன்வின்.
"நேற்றைக்குத் தந்தவையோ?"
"நேற்றைக்குக் கத்தினனான்."

ஆங்கிலத்தில் மூன்றே சொல்.
குரலில் எதுவும் தெரியக்கூடாதென்று இன்னொரு விதி.
மூன்றாவது சொல்லில் அதை மீறினேன்.

கதிரை இழுபடுகிறது. தாளில் பேனை.
அவள் அவரிடமே பேசுகிறாள், துண்டு துண்டாக:
இதை நான் எனக்குள் வைத்திருக்க மாட்டேன்.
இன்னொருவருக்குச் சொல்லப் போகிறேன்.
அவ வந்து உங்களோடு கதைப்பா.
அதுவரைக்கும் இந்த அறையில் இருக்கலாம்.
பசிக்கிறதா? முட்டை சான்ட்விச் இருக்கிறது.

"கத்தினாலும் தருவினமோ?"

பெயர்த்தேன்.
தாதி பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்தது.
பிறகு வந்தது என்னிடம் இரண்டெழுத்தாக மாறி:
ஓம்.

நன்றி, இலக்கம் எழுபது நானூற்றுப் பதினெட்டு.
பதினாறு நிமிடம், நாற்பது விநாடி.
கதவுக்கு வெளியே நின்றவரிடம் யார் என்ன சொன்னார்கள்,
அந்த இரவு அவர் எங்கே படுத்தார்
என்பதெல்லாம் என் வேலைக்கு அப்பால்.
குறிப்புத் தாளை எட்டாகக் கிழித்தேன்.
நாற்பத்தெட்டு என்ற துண்டு மட்டும்
இருக்கைக்கும் கதவுக்கும் இடையில் விழுந்துவிட்டது,
கை போகவில்லை.

மீன் மணக்கத் தொடங்கியிருந்தது.
அடுத்த அழைப்பு மின்சார நிறுவனம்,
கட்டணத்தில் பிழையென்று ஒரு பெண், கடும் கோபம்.
அவ கத்தினா.
ஒரு துளியும் குறைக்காமல்
கத்தலாகவே பெயர்த்தேன்.